மாடிச் சமையலறையின் ஆறு கதவுகள்

எனக்கென்று தனியாக ஒரு சமையலறை வேண்டும் என்ற ஆசை வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அதை அக்காவிடம் சொல்ல வாய் வராமல் தவித்ததும் அதே மூன்று வருடம்தான்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. என் கணவருடைய அண்ணன் மனைவி, எனக்கு ஓரகத்தி. ஓரகத்தி என்றதும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும் இரண்டு பெண்கள்தான் பலருக்கும் நினைவுக்கு வருவார்கள். எங்களுக்குள் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. சிக்கலே அங்கேதான் இருந்தது. ஒரு நல்ல சண்டை வந்திருந்தால், சூட்டோடு சூடாக அடுப்பைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போயிருப்பேன்.

வீடு மாமனார் கட்டியது. கீழே அக்காவும் அவள் கணவரும் கல்லூரிக்குப் போகும் இரட்டைப் பிள்ளைகளும். மாடியில் நானும் என் கணவரும் ஐந்து வயது மகளும். படுக்கத்தான் மாடி. சமையலும் சாப்பாடும் ஏழு பேருக்கும் கீழேதான். அந்தச் சமையலறையை அக்கா தன் உயரத்துக்குக் கட்டிவைத்திருந்தாள். அவள் நாலடி எட்டங்குலம். நான் அவளைவிட முழுதாக ஓரடி அதிகம். கல்யாணமாகி வந்த அன்றே என்னை அண்ணாந்து பார்த்து, "நெட்டை, இனிமே மேல் தட்டு டப்பா எல்லாம் உன் பொறுப்பு" என்றாள். அன்றிலிருந்து நெட்டை என்பதே என் பெயர். மேல் தட்டு எனக்கு வாகாகத்தான் இருந்தது. காய் நறுக்கும் மேடைதான் என் தொடைக்குச் சற்று மேலே முடிந்துபோனது. குனிந்து குனிந்து நறுக்கிவிட்டு எழுந்தால் முதுகு என் பேச்சைக் கேட்காது.

முதுகு மட்டும்தான் காரணம் என்று சொன்னால் பொய். எனக்குத் தோன்றிய நேரத்தில் ஒரு முட்டையை வேகவைத்து நின்றுகொண்டே தின்ன வேண்டும். பாலைப் பொங்கவிட்டு, யாரும் பார்ப்பதற்குள் நானே துடைக்க வேண்டும். ஒரு நாளாவது என் சமையல் என் தப்பாலேயே கருக வேண்டும். இதெல்லாம் ஆசையா என்று கேட்டால், ஆசைதான்.

ஆனால் யாரிடம் கேட்பது? மகள் வயிற்றில் இருந்தபோது நாலு மாதம் படுக்கையைவிட்டு எழக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் அம்மா அதற்கு முந்தின வருடமே போய்ச் சேர்ந்திருந்தாள். அக்கா விடிவதற்குள் சமைத்து எனக்குத் தலைமாட்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போவாள். மதிய இடைவேளையில் இரண்டு பஸ் மாறி வந்து, என்னைத் துடைத்து, தலை பின்னிவிட்டு, மறுபடியும் இரண்டு பஸ் மாறிப் போவாள். நாலு மாதத்தில் ஒரு வேலை நாள்கூடத் தவறவில்லை. பிறகு ஒரு தடவையாவது அதைச் சொல்லிக்காட்டியிருந்தால் நானும் மனதுக்குள் கொஞ்சம் முனகியிருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை மனுஷி. அப்படிப்பட்டவளிடம் போய், உங்கள் அடுப்படி எனக்கு வேண்டாம் என்று எந்த முகத்தோடு சொல்வேன்?

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரையே மேலும் கீழும் ஏற்றி இறக்குகிறவருக்கு, தன் மனைவி மாடிப்படியில் இறங்கும்போது மட்டும் ஏன் கால் கனக்கிறது என்று புரிய மூன்று வருடம் பிடித்தது. புரிந்த பிறகு ஒரே வாரத்தில் அளவு நாடாவை எடுத்துவிட்டார். மாடியில் துணி துவைக்கும் இயந்திரம் நிற்கும் பின்னறையில் குழாய் இருந்தது, பெரிய ஜன்னலும் இருந்தது. இயந்திரத்தைக் குளியலறைக்கு நகர்த்தினோம். அண்ணியிடம், பழைய சாமான் போட்டுவைக்க அலமாரி செய்யப்போகிறேன் என்று சொல்லிவிட்டார். முதலில் செய்து முடிப்போம், அப்புறம் பக்குவமாகச் சொல்லிக்கொள்வோம் என்பது எங்கள் திட்டம். அந்தப் பக்குவம் எந்தக் கிழமையில் வரும் என்று திட்டத்தில் இல்லை.

கையிலிருந்ததைக் கொண்டு இருப்பதிலேயே மலிவான பிளைவுட்டைத்தான் வாங்கினோம். இதற்குக் கீழே போனால் அட்டைப்பெட்டிதான் என்று கடைக்காரர் நேர்மையாகச் சொல்லிவிட்டு, எங்கள் அளவுக்கு இயந்திரத்தில் அறுத்தும் கொடுத்தார். பலகையின் முகம் பார்க்கச் சுமாராக இருந்தது. விளிம்பைப் பார்த்தால்தான் அதன் வண்டவாளம் தெரியும். ஒட்டிய அடுக்குகளுக்கு நடுவே எலி நுழைகிற மாதிரி ஓட்டைகள். தடவினால் விரலில் சிராய் ஏறும்.

அக்காவுக்குச் சனிக்கிழமையும் வேலை உண்டு. பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கும் எனக்கு அன்று விடுமுறை. அதனால் சனிக்கிழமைகளில் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்தோம். மூன்று பெட்டிகள், அவற்றுக்கு ஆறு கதவுகள். என்னை நிற்கவைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, அதற்குக் கொஞ்சம் கீழே கோடு போட்டு, அந்த உயரத்துக்குப் பெட்டிகளை நிறுத்தினார். காலியான பெட்டியின் முன்னால் நேராக நின்று, இல்லாத வெங்காயத்தை இல்லாத கத்தியால் நறுக்கிப் பார்த்தேன். முதுகு வளையவில்லை. கண் மட்டும் வெங்காயம் இல்லாமலேயே கலங்கியது.

கதவுகளுக்கு வெளிப்பக்கம் மட்டும் பெயின்ட் அடித்தோம். உள்பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்றார் என் கணவர். எனக்கும் அது சரியாகவே பட்டது. ஒரு கோட் பிரைமர், மேலே இரண்டு கோட் வெள்ளை. ஆறையும் சுவரில் சாய்த்துவிட்டுக் கீழே சாப்பிடப் போனோம்.

மறுநாள் ஞாயிறு. மொட்டைமாடியில் துணி உலர்த்தப் படியேறிய அக்கா, திறந்திருந்த பின்னறையைப் பார்த்து உள்ளே வந்துவிட்டாள். நான் மகளுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தவள், துண்டோடு ஓடினேன்.

அக்கா பஸ்களுக்குக் கூடு கட்டும் பட்டறையில் பெயின்ட் பிரிவின் மேற்பார்வையாளர். பதினொரு ஆண்கள் அவள் கண்ணசைவுக்கு வேலை செய்கிறார்கள். எந்தப் பொருளைப் பார்த்தாலும் அவள் விரல் முதலில் அதன் விளிம்புக்குத்தான் போகும். அன்றும் போனது. இந்த விளிம்பு ஓட்டைகளை யார் பட்டி வைத்து அடைத்தது, குருவி கூடு கட்டுகிற மாதிரி அப்பியிருக்கிறதே என்று கேட்டுக்கொண்டே பெட்டியின் மேல் கையை வைத்தாள். கை அங்கேயே நின்றது. பெட்டியின் மேல்விளிம்பு அவள் விலா எலும்பை இடித்தது. பெட்டியைப் பார்த்தாள், என்னைத் தலை முதல் இடுப்பு வரை பார்த்தாள், பிறகு குழாயைப் பார்த்தாள்.

"இது சாமான் போடுற அலமாரி இல்ல," என்றாள். "இது உன் அளவு."

சொல்ல நினைத்ததெல்லாம் ஒரே நேரத்தில் வாய் வாசலுக்கு வந்து முட்டிக்கொண்டது. அக்கா ஈரத்துணி வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் காட்டியது கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். மரியாதை காட்டினாள். இரவுச் சாப்பாட்டில், "உங்களுக்கு இன்னும் கொஞ்சம் போடட்டுங்களா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். இரட்டையர் இருவரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினார்கள். அக்காவின் கணவர், எங்கள் மூத்தவர், தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார். வந்த நாளிலிருந்து நீ, வா, போ, நெட்டை என்று கூப்பிட்டவள் எனக்கு 'ங்க' போட்டுவிட்டாள். திங்கட்கிழமையும் அப்படியே. என் தட்டில் நல்ல மீன் துண்டாகப் பார்த்து வைத்தாள். அதை மகள் தட்டுக்கு மாற்றினேன். போய்ப் பேசிவிடுங்கள் என்று கணவரிடம் சொன்னேன். அண்ணி முன்னால் நின்றால் இன்னும் எட்டாம் வகுப்புப் பையனாகிவிடுகிறேன் என்று அவர் நழுவிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை பின்னறைக்குப் போனால், ஆறு கதவில் நாலு கதவு வளைந்திருந்தது. மழையில் நனைந்து வெயிலில் காய்ந்த செருப்பு மாதிரி, நான்கு மூலையும் ஒரே பக்கமாக. ஒன்றைப் பெட்டியில் வைத்துப் பார்த்தோம். மேலும் கீழும் ஒரு விரல் நுழையும் சந்து. என் கணவர் அதன் மேல் ஏறி நின்று பார்த்தார். இறங்கியதும் அது பழையபடி வளைந்துகொண்டது. தூக்கிப்போட்டுவிட்டு வேறு பலகை வாங்கலாம் என்றார். வேறு பலகைக்கு அடுத்த வருடம்தான் வழி என்பது இருவருக்குமே தெரியும்.

எனக்கு அந்த நேரத்தில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. இந்தக் கதவை நிமிர்த்தத் தெரிந்த ஒரே ஆளிடம்தான் நான் பேசாமல் இருக்கிறேன்.

அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, ஒரு கதவைப் பழைய போர்வையில் சுற்றி இடுக்கிக்கொண்டு கிளம்பினேன். இரண்டு பஸ். முதல் பஸ்ஸில் கண்டக்டர் இதற்கும் டிக்கெட் எடுக்க வேண்டும்போல என்று கேலி செய்தார். இரண்டாவதில் உட்கார இடமில்லை. கதவை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான், இதே வழியில் அவள் மதிய வெயிலில் நாலு மாதம் வந்து போனாள் என்பது உறைத்தது. நான் அதைப் படுக்கையிலிருந்து மட்டுமே பார்த்திருந்தேன். அது எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

பட்டறை வாசலில் காவலாளி தடுத்தார். பெயின்ட் மேடத்தின் தங்கச்சி என்றேன். உள்ளே ஒரு பஸ் பாதி நீலமும் பாதி சாம்பலுமாக நின்றது. அதன் சக்கரத்தின் பக்கத்தில், முழங்கால் வரை தொங்கும் அங்கியும் முகமூடியுமாக அக்கா, ஓர் ஆளுக்குக் கையைக் காட்டி எதையோ விளக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகமூடியை இறக்கினாள். வீட்டில் யாருக்காவது ஏதாவதா என்றுதான் முதலில் கேட்டாள். இல்லை என்று சொல்லிப் போர்வையை விலக்கினேன்.

அவள் கதவை வாங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு விளிம்போடு பார்த்தாள். திருப்பினாள். பின்பக்கம் பெயின்ட் படாத வெறும் பலகையாக இருந்தது.

"ஒரு பக்கம் மட்டும் அடிச்சீங்களா?"

ஆமாம் என்றேன்.

"எவன் சொன்னான் அப்படி அடிக்க?"

உங்கள் கொழுந்தன்தான் என்றேன். பஸ்ஸுக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ சிரித்தார்கள். அக்கா திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. என்னைக் கூட்டிக்கொண்டு போய், பட்டறைக்கு வெளியே சாப்பாட்டு பெஞ்சில் உட்காரவைத்தாள். கதவு எங்கள் இருவருக்கும் நடுவில்.

மலிவுப் பலகை தாகம் பிடித்த பலகை என்றாள். காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஒரு பக்கத்தைப் பெயின்டால் அடைத்துவிட்டு மறுபக்கத்தைத் திறந்துவிட்டால், திறந்த பக்கம் மட்டும் குடித்து ஊதும், கதவு வளையும். இந்தப் பக்கம் எத்தனை கோட்டோ அந்தப் பக்கமும் அத்தனை கோட் போட வேண்டும். அதையெல்லாம் என்னைப் பார்க்காமல் கதவைப் பார்த்தே சொன்னாள். சொல்லி முடித்ததும் பேச்சும் முடிந்துவிட்டது. அவள் எழுந்துவிடுவாள் என்று பயமாக இருந்தது.

"அக்கா, மாடியில தனியா சமைக்கலாம்னு நினைச்சேன்," என்றேன். "அந்த நாலு மாசம் நீங்க செஞ்சதுக்கப்புறம் இதை எப்படிக் கேக்கறதுன்னு தெரியல. கேட்டா நன்றி கெட்டவளாயிடுவேன்னு தோணிச்சு."

அக்கா அங்கியின் பொத்தானைக் கழற்றி மறுபடி போட்டாள்.

"நீ எழுந்து நடக்கணும்னுதானே அதைச் செஞ்சேன்? என் அடுப்புல உன்னைக் கட்டிப்போடவா செஞ்சேன்? இப்ப நடந்து மாடிக்குப் போறேங்கிற. போயேன்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அலமாரின்னு பொய் சொன்னீங்க பாரு ரெண்டு பேரும், அதுதான். ரெண்டு நாளா உக்காந்து யோசிக்கிறேன், நான் எங்க தப்பா நடந்துக்கிட்டேன்னு."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் தப்பாக நடந்ததே இல்லை, அதனால்தான் சொல்ல முடியவில்லை என்று திக்கித் திணறிச் சொன்னேன். அவள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. பெயின்ட் உலர்ந்த அந்த விரல்கள் என் கையைவிடச் சிறியவை.

அக்கா பட்டறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, ரகசியம் சொல்கிறவள்போலக் குனிந்தாள்.

"உண்மையைச் சொல்லட்டா? எனக்கும் என் சமையலறை தனியா வேணும். நான் உப்புப் போட்டிருப்பேன். நீ வந்து, அக்கா உப்புப் போடட்டுமான்னு கேப்ப. போட்டாச்சுன்னு சொன்னா உன் முகம் வாடிடுமோன்னு, சரி போடுன்னுவேன்."

நான் அவளையே பார்த்தேன். ஏனென்றால் நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன். நான் உப்புப் போட்ட பாத்திரத்தில் அவள் வந்து போடும்போது, வேண்டாம் என்று தடுத்தால் மரியாதையாக இருக்காது என்று பேசாமல் இருப்பேன். அதைச் சொன்னேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். மூத்தவர் சாப்பிட்டு எழுந்ததும் ஏன் அவ்வளவு தண்ணீர் குடிக்கிறார் என்று இத்தனை வருடம் கழித்து எங்கள் இருவருக்கும் விளங்கியது. சிரித்து அடங்கவே வெகுநேரமானது. உள்ளேயிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, மேடம் சிரிக்கிறாங்க என்று மற்றவர்களுக்குச் செய்தி சொன்னார்.

கிளம்பும்போது கதவை என்னிடம் கொடுத்து, "சனிக்கிழமை லீவு போட்டுட்டு வரேன், நெட்டை. அதுவரைக்கும் உன் புருஷன் எதையும் தொடக்கூடாது" என்றாள். போன உயிர் வந்தது எனக்கு.

அந்தச் சனிக்கிழமையும் அடுத்ததும் மாடியில் அவள் ராஜ்ஜியம். முதலில் எல்லா விளிம்புகளையும் மறுபடி தேய்க்கச் சொன்னாள். என் கணவரிடம் ஒரு கட்டு உப்புத்தாளைக் கொடுத்து ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டாள். நடுவில் அவர் ஏதோ யோசனை சொல்ல வாயெடுத்தபோது, யோசனை சொன்னவரைக்கும் போதும், தேய் என்றாள். அவர் தேய்த்தார். அண்ணி தன்னிடம் பழையபடி பேசியதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

விளிம்பு ஓட்டைகளுக்குப் பட்டியை ஒரே அடியாக அப்பாமல், மெல்லியதாக இரண்டு தடவை இழுத்துத் தேய்த்தோம். பிரைமர் பூசிக் காய்ந்ததும் பலகையின் நார் முள் முள்ளாக எழுந்து நின்றது. நான் பயந்துபோனேன். எழட்டும், எழுந்தால்தான் தேய்க்க முடியும் என்றாள். விளிம்புகளுக்கு மட்டும் ஒரு கோட் அதிகம். கதவுகளைப் பாட்டில் மூடிகளின் மேல் படுக்கவைத்து, பின்பக்கத்துக்கு மூன்று கோட். ஒவ்வொன்றும் முழுதாகக் காய்ந்த பிறகுதான் அடுத்தது. பிறகு கதவுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, ஒட்டிக்கொள்ளாமல் இடையில் சட்டங்கள் வைத்து, மேலே இரட்டையரின் பாடப்புத்தகங்களை மூட்டையாக ஏற்றினாள். அவர்கள் படித்ததைவிட இந்தப் புத்தகங்களுக்கு இப்போதுதான் வேலை என்றாள்.

எனக்குப் பளபளவென்று வெள்ளை வேண்டும் என்று ஆசை. அதை மட்டும் அவள் தயங்கித் தயங்கித்தான் மறுத்தாள். பளபளப்பு இந்தப் பலகையின் மேடு பள்ளத்தையெல்லாம் ஊருக்குக் காட்டிக்கொடுக்கும், மங்கலான பெயின்ட் மூடிவைக்கும் என்று சொல்லிவிட்டு, ஆனால் உன் கதவு, உன் விருப்பம் என்று உடனே பின்வாங்கினாள். முகம் வாடிடுமோ என்று பார்க்கிறீர்களா என்று கேட்டேன். மாட்டிக்கொண்டவள்போலச் சிரித்தாள். பளபளப்பில்லாத இளம்பச்சையை இருவரும் சேர்ந்து தேர்ந்தெடுத்தோம். வெள்ளையின் மேல், இரண்டு பக்கமும், அதை ரோலரால் மெல்ல ஓட்டியபோது, கடைக்காரர் அட்டைப்பெட்டிக்கு அடுத்தது என்று சொன்ன அந்தப் பலகை, எனக்கு வேறு எந்த மரமும் ஈடில்லை என்பதுபோலத் தெரிந்தது.

பத்து நாளில் மூன்று கதவுகள் நிமிர்ந்துவிட்டன. ஒன்று பிடிவாதமாகக் கொஞ்சம் வளைந்தே இருந்தது. அதை அக்கா சுவரோரக் கீழ்ப்பெட்டிக்குப் போட்டு, ஒரு காந்தப் பூட்டு வைத்து இழுத்துப் பிடித்தாள். கதவுகளைக் கீலில் மாட்டிய பிறகும் ஒரு வாரம் சாத்தக்கூடாது, பெயின்ட் உள்ளே இறுகும்வரை பொறுக்க வேண்டும் என்றாள். ஒரு வாரமும் என் சமையலறை வாயைத் திறந்துகொண்டு நின்றது.

எட்டாம் நாள் காலை, ஞாயிற்றுக்கிழமை, அடுப்பைப் பொருத்தினோம். என் கணவர் மகளைக் கூட்டிக்கொண்டு பால் வாங்கி வந்தார். பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னறைக் கதவு மெல்லத் தட்டப்பட்டது. அக்கா வெளியே நின்றிருந்தாள். தலை வாரி, வெளியே போகும்போது உடுத்தும் நல்ல புடவை உடுத்தியிருந்தாள்.

நீங்கள் எதற்குத் தட்டுகிறீர்கள் என்று சங்கடமாகக் கேட்டேன்.

"தட்டுவேன். கீழ வந்தா நீயும் தட்டணும்," என்றாள். அதில் துளி வருத்தம் இல்லை. பெருமைதான் இருந்தது.

முக்காலியை இழுத்துப்போட்டேன். அவள் உட்கார்ந்தாள். இத்தனை வருடத்தில் அக்கா ஒரு சமையலறையில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. கைகளை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. மடியில் வைத்தாள், முழங்காலில் வைத்தாள். பால் பொங்கி வரும்போது பாதி எழுந்தாள். நான் அடுப்பைத் தணிப்பதைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். நேராக நின்று, யாருடைய கையும் குறுக்கே வராமல், என் கணக்குக்குத் தேயிலையும் சர்க்கரையும் போட்டேன். கொஞ்சம் கசப்பாகத்தான் வந்திருக்கும். சொல்லாமல் கோப்பையில் ஊற்றி அவள் கையில் கொடுத்தேன்.

அவள் ஊதி ஊதிக் குடித்தாள். ஜன்னல் வெளிச்சம் கதவுகளின் பச்சையில் விழுந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஊட்டி, எனக்குப் பின்னிவிட்டு, எனக்காகத் தேய்த்துப் பெயின்ட் அடித்த மனுஷி இவள். இவளுக்கு நான் என்ன கொடுத்திருக்கிறேன் என்று யோசித்தால் எதுவுமே நினைவுக்கு வரவில்லை. அவள் எதையும் கேட்டதும் இல்லை. பரிமாறிவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டே பழகியவள்.

கோப்பை காலியானதும் அக்கா அதைக் கழுவ எழுந்திருக்கவில்லை. என் பக்கம் நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் இருந்தா ஊத்து, நெட்டை."

எனக்கென்று வைத்திருந்ததையும் சேர்த்து, விளிம்புவரை ஊற்றினேன்.